கப்பல் திகதி மாறும். காசோலைத் திகதி மாறாது

கடல் கடந்த வர்த்தகம் இலங்கை முஸ்லிம்களுக்குப் புதிய விடயமல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற தென்னிந்தியக் கரையோரப் பட்டினங்களுக்கும் எமது துறைமுகங்களுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் இருந்து வந்துள்ளது. புடவை வியாபாரம் செய்யும் பல குடும்பங்களுக்கு இந்தியா என்பது ஒரு வெளிநாடு மட்டுமல்ல, கொள்முதல் செய்யும் கடைத்தெருவும் கூட.

எனவே நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடப் போகிறது என்ற செய்தி வெளியானபோது, அதிகம் மகிழ்ந்தவர்களில் சிறு வியாபாரிகளும் அடங்குவர். விமானக் கட்டணத்தை விடக் குறைந்த செலவு, ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம், இறங்கினால் சற்றுத் தொலைவில் நாகூர். கேட்பதற்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வர்த்தகத்தில் ஒரு சேவையின் பெறுமதியைத் தீர்மானிப்பது கட்டணமோ வேகமோ மட்டுமல்ல. சொன்ன நாளில் அது நடக்குமா என்பதுதான் முதற் கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்தக் கடல்வழி இதுவரை என்ன பதில் தந்திருக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பதினாறு மாதக் கணக்கு

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு முதற் பயணத்தை மேற்கொண்டது. சுமார் 150 பேர் பயணிக்கக்கூடிய அந்தக் கப்பலில் அன்று வந்தவர்கள் 50 பேர் அளவில்தான். நாளாந்த சேவை என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் மறுநாளே போதிய முன்பதிவு இருக்கவில்லை. சேவை வாரத்துக்கு மூன்று நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஒக்டோபர் 20ஆம் திகதியுடன், வடகீழ்ப் பருவக்காற்றைக் காரணம் காட்டி அந்த ஆண்டுக்கான சேவை நிறுத்தப்பட்டது. மொத்தம் ஒரு வாரம்!

அடுத்து 2024 மே மாதத்தில் சேவை மீள ஆரம்பமாகும் என்று அறிவிக்கப்பட்டது. திகதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிற்போடப்பட்டன. இறுதியில் 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பல், தனியார் நிறுவனமொன்றின் பொறுப்பில், 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஓடத் தொடங்கியது. சாதாரண ஆசனத்துக்கு சுமார் 5,000 இந்திய ரூபா, சிறப்பு ஆசனத்துக்கு 7,500 இந்திய ரூபா எனக் கட்டணம் அமைந்தது. அதுவும் நாளாந்த சேவையாகத் தொடங்கி, பின்னர் வாரத்தில் சில நாட்கள் என்று மாறியது. நவம்பரில் காலநிலை காரணமாக மீண்டும் நிறுத்தம். 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் தொடங்குவதாக இருந்த சேவை பிற்போடப்பட்டு, பெப்ரவரி 22ஆம் திகதியே மீள ஆரம்பமானது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2023 ஒக்டோபர் 14 முதல் 2025 பெப்ரவரி 22 வரை ஏறத்தாழ 16 மாதங்கள். இதில் கப்பல் சேவையில் இருந்த காலம் முதலில் ஒரு வாரம், பின்னர் சுமார் மூன்று மாதம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு காலத்துக்கு மட்டுமே இந்த வழி திறந்திருந்தது.

கடல் ஏன் மூடுகிறது?

இதில் கப்பல் நடத்துபவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழமற்ற நீரில் காற்று வீசும்போது அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். பெரிய சரக்குக் கப்பலை அது அவ்வளவாகப் பாதிக்காது. 150 பேரை ஏற்றும் சிறிய கப்பலுக்கோ அதுவே பெரிய சோதனை. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை மழையும், அதன்பின் ஜனவரி, பெப்ரவரி வரை வடகீழ்க் காற்றும் தொடரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையே அழித்த சூறாவளி இதே பருவத்தில்தான் வந்தது. கடல் சீற்றமாக இருக்கும்போது பயணத்தை இரத்துச் செய்வது சரியான முடிவு. அதில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது. பருவக்காற்று ஆண்டுதோறும் வருவது. அதை எதிர்பாராத இடையூறு என்று சொல்ல முடியாது. இத்தனை மாதங்கள் சேவை இல்லை என்பதை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வெளியிட்டால் வியாபாரி அதற்கேற்பத் திட்டமிடுவான். மாறாக, "விரைவில் ஆரம்பமாகும்" என்ற அறிவித்தலும் அதன்பின் பிற்போடலும் தொடருமானால், சேவை இல்லாதிருப்பதை விட அதுவே அதிக நட்டத்தைக் கொடுக்கும்.

பெருநாள் வியாபாரமும் பருவக்காற்றும்

இங்கு எமது வர்த்தகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்கிறது. 2024இல் அது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. 2025இல் மார்ச் இறுதி. 2027இல் மார்ச் 10ஆம் திகதியை அண்மித்தும், 2028இல் பெப்ரவரி கடைசி வாரத்திலும், 2029இல் பெப்ரவரி நடுப்பகுதியிலும் வரும். பிறையைப் பொறுத்து ஓரிரு நாட்கள் மாறலாம்.

பெருநாள் புடவைகளைக் கொள்முதல் செய்யும் காலம் பெருநாளுக்கு ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு முன்னர் தொடங்குகிறது. அப்படியானால் இனிவரும் சில ஆண்டுகளுக்கு அந்தக் கொள்முதல் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விழும். கடல் மூடியிருக்கும் மாதங்களும் அவைதான். நத்தார், தைப்பொங்கல் வியாபாரத்துக்கும் இதே நிலைதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும் சற்று அமைதியான கடல் கிடைக்கும்.

எனவே நோன்புப் பெருநாள் சரக்கைக் கப்பலை நம்பித் திட்டமிடுவது இன்றைய நிலையில் புத்திசாலித்தனமல்ல. வாங்க விரும்புவோர் செப்டெம்பரில் அல்லது ஒக்டோபர் தொடக்கத்தில் வாங்கிக் களஞ்சியப்படுத்த வேண்டியிருக்கும். அப்போது ஐந்து, ஆறு மாதங்களுக்கு முதல் முடங்கிக் கிடக்கும். கப்பலில் மிச்சப்படுத்திய கட்டணத்தை விட அந்த முடக்கத்தின் செலவு அதிகமா என்பதை ஒவ்வொருவரும் தமது கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அத்துடன், பயணிகள் கப்பல் என்பது சரக்குக் கப்பல் அல்ல. விற்பனைக்கான பொருட்களைப் பயணப்பொதியாகக் கொண்டுவருவது சுங்க விதிகளுக்கு உட்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

பழைய வழி ஏன் நிலைத்தது?

இதே நீரிணையில் நீண்டகாலம் நிலைத்த சேவையும் இருந்தது. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஆரம்பித்த கப்பல் 1964இன் சூறாவளி வரை ஓடியது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து 1980களின் முற்பகுதி வரை சேவை நீடித்தது. யுத்தச் சூழலில்தான் அது நின்றது.

அந்தச் சேவையின் பலம் என்ன? கடற்தூரம் குறைவு என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, இரு கரையிலும் ரயில் காத்து நின்றது. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கட்டுடன் கொழும்பு வரை வரலாம். கப்பலின் நேரமும் ரயிலின் நேரமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. போட் மெயில் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

மாறாக, 2011 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆரம்பிக்கப்பட்ட 'ஸ்கொட்டியா பிரின்ஸ்' சேவையை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் பயணிக்கக்கூடிய பெரிய கப்பல். போதிய பயணிகள் இன்றி அதே ஆண்டு நவம்பரில் நின்று போனது. கப்பல் துறைமுகத்தில் நின்றாலும் மாலுமிகளின் சம்பளம், காப்புறுதி, துறைமுகக் கட்டணம், கடன் தவணை எதுவும் நிற்பதில்லை. 150 ஆசனங்களில் 50 பேர் மட்டும் வந்தால், 150 பேருடைய செலவை அந்த 50 பேரே சுமக்க வேண்டும். ஆள் குறைந்தால் பயண நாட்கள் குறையும். நாட்கள் குறைந்தால் நம்பிக்கை குறையும். நம்பிக்கை குறைந்தால் ஆள் இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைப்பதற்குத்தான் இந்திய அரசாங்கம் நாகப்பட்டினம் சேவைக்கு ஓராண்டுக்கு மாதாந்தம் 25 மில்லியன் இலங்கை ரூபாவுக்கும் அதிகமான உதவியை வழங்க முன்வந்தது. உதவித்தொகை கப்பலை ஓடச் செய்யலாம். பயணிகளைக் கொண்டுவருவது ஒழுங்கான நேரஅட்டவணைதான்.

தீவு மக்களின் நிலை

நாகப்பட்டினம் போவதற்கு எமக்கு விமானம் என்ற மாற்று வழி உண்டு. நெடுந்தீவு மக்களுக்கு அதுவும் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் படகுப் பயணமே அவர்களுக்கான ஒரே வழி. அரிசி, மா, எரிபொருள், மருந்து எல்லாம் அவ்வழியேதான் போக வேண்டும். மீனும் கால்நடையும் அவ்வழியேதான் வர வேண்டும். ஒரு நாள் படகு ஓடாவிட்டால் நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர் மறுநாள் போகலாம். நெடுந்தீவு மீனவரின் ஐஸ் பெட்டி மறுநாள் வரை காத்திருக்காது.

நயினாதீவுக்குக் கோயிலையும் விகாரையையும் நாடி ஆண்டு முழுவதும் ஆட்கள் வருவதால் அடிக்கடி படகுகள் ஓடுகின்றன. நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு போன்றவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே இவற்றை இலாபக் கணக்கில் மட்டும் பார்க்க முடியாது. வீதிக்கு யாரும் இலாபம் கேட்பதில்லை. தீவு மக்களுக்குக் கடல்தான் வீதி.

ஒழுங்கான சேவை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்தது சாட்சி. பாலம் நிர்மாணிக்கப்படும் காலத்தில் மாற்றாக ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து, பாடசாலைச் சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். மக்கள் போக்குவரத்தை நிறுத்திவிட முடியாது. நம்பகமான வழி இல்லையென்றால் கிடைக்கும் வழியில் ஏறுவார்கள்.

பணக்கார நாட்டிலும் இதே கதை

இது வறிய நாடுகளின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளுக்கு அரச உடைமையான 'கல்மக்' நிறுவனம் கப்பல்களை நடத்துகிறது. 2015இல் 97 மில்லியன் பவுண் ஒப்பந்தத்தில் இரண்டு புதிய கப்பல்களுக்கு ஓடர் கொடுக்கப்பட்டது. 2018இல் சேவைக்கு வர வேண்டிய முதற் கப்பல் 2025 ஜனவரியில்தான் வந்தது. இதற்கிடையில் பழைய கப்பல்கள் பழுதடையும்போதெல்லாம் ஒரு தீவின் கப்பலை எடுத்து இன்னொரு தீவுக்கு அனுப்பினார்கள். 2023 ஜூனில் சவுத் உயிஸ்ட் தீவின் சேவை ஏறத்தாழ மாதம் முழுவதும் இரத்துச் செய்யப்பட்டபோது, மக்கள் வாகனங்களுடன் துறைமுகத்தில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். ஹோட்டல்களும் கடைகளும் கோடைகால வியாபாரத்தை இழந்தன. பின்னர், பாதிக்கப்பட்ட தீவு வியாபாரங்களுக்கு உதவ அரசாங்கம் தனியான நிதி ஒதுக்க வேண்டி வந்தது. பதில் கப்பல் ஒன்றை வைத்திருக்காததன் விலை, அந்தக் கப்பலின் விலையை விடக் கூடியதாகி விடலாம் என்பதே அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

செய்ய வேண்டியவை

சேவை நடத்துவோரிடம் கேட்க வேண்டியவை பெரிய விடயங்கள் அல்ல. ஆண்டின் தொடக்கத்திலேயே சேவை நடைபெறும் மாதங்களையும் மூடியிருக்கும் மாதங்களையும் வெளியிட வேண்டும். இரத்துச் செய்வதானால் முதல் நாள் எத்தனை மணிக்குள் அறிவிக்கப்படும் என்று உறுதி கூற வேண்டும். கட்டணத்தை எத்தனை நாளில் மீளத் தருவர் என்பது டிக்கட்டிலேயே அச்சிடப்பட வேண்டும். காங்கேசன்துறைக்கு 2015 முதல் ரயில் மீண்டும் ஓடுகிறது. நாகப்பட்டினத்திலும் ரயில் நிலையம் உண்டு. இரண்டையும் கப்பல் நேரத்துடன் இணைப்பதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

எமது வியாபாரிகளுக்கும் சில வார்த்தைகள். எமது சந்தையில் பாதி வியாபாரம் முன்திகதியிட்ட காசோலையில்தான் நடக்கிறது. கப்பல் வரும் நாளைக் கணக்கிட்டு எவருக்கும் காசோலை எழுதிக் கொடுக்காதீர்கள். சரக்கு வந்து, விற்று, பணம் கைக்கு வர எடுக்கும் நாட்களுடன் குறைந்தது இரண்டு மூன்று வார இடைவெளியைச் சேர்த்துத் திகதி போடுங்கள். திரும்பும் பயணம் இரத்தானால் தங்குவதற்கும் விமானத்தில் வருவதற்குமான பணத்தைத் தனியாக வையுங்கள். அழுகக்கூடிய பொருளையோ, குறித்த ஒரு நாளுக்கென வாங்கும் பொருளையோ இந்த வழியில் நம்பி எடுக்க வேண்டாம். விற்பவரிடம், தாமதமானால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் கப்பல் நிலைக்க வேண்டும் என்பதே எல்லோரது விருப்பமும். அது நிலைக்குமானால் வடக்கிலுள்ள சிறு வியாபாரிக்குக் கொழும்பைச் சுற்றாமல் இந்தியா போக ஒரு வாசல் திறக்கும். ஆனால் விருப்பத்தை நம்பிக் கடன் வாங்க முடியாது. கடல் கொந்தளித்தால் கப்பல் ஒரு வாரம் பொறுக்கலாம். வங்கியில் இடப்பட்ட காசோலை ஒரு நாளும் பொறுக்காது.