கஞ்சா மருந்தாகுமா? வன்கொடுமையின் மனக்காயமும் கொங்கு மண்ணில் எட்டாத சிகிச்சையும்

சாதிய வன்கொடுமையிலிருந்து உயிர் தப்பியவருக்கு உறக்கம் எப்போது திரும்பும் என்ற கேள்விக்கு எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இடமில்லை. வெட்டுக்காயத்தின் நீளமும் ஆழமும் காயச் சான்றிதழில் பதிவாகின்றன. எரிந்த வீட்டுக்கு மதிப்பு போடப்படுகிறது. ஆனால் வாசலில் ஓர் இருசக்கர வாகனம் வந்து நின்றாலே நெஞ்சு படபடப்பதும், நள்ளிரவில் அலறி எழுவதும், ஊர்ச் சாலையைத் தவிர்த்துக் காட்டுவழியே வேலைக்குப் போவதும் எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை.

இந்த இடைவெளியில்தான் கஞ்சா பற்றிய பேச்சு நுழைகிறது. 'வெளிநாடுகளில் மனக்காயத்துக்கு மருத்துவரே கஞ்சாவைப் பரிந்துரைக்கிறார்; இங்கே மட்டும் ஏன் குற்றம்?' என்று கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பதற்றத்தைத் தணிக்கும் என்று சொல்லிக் கஞ்சா எண்ணெய் இணையத்தில் விற்கப்படுகிறது. மறுபுறம், கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதுமே காலனி இளைஞனைக் குற்றவாளியாகக் காணும் பார்வையும் வலுவாகவே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, அறிவியல் என்ன சொல்கிறது, சட்டம் எதை அனுமதிக்கிறது, நாம் கோர வேண்டியது எது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முடிந்துபோகாத அதிர்ச்சி

கொடிய நிகழ்வொன்றுக்கு ஆளானவரின் மூளை, ஆபத்து நீங்கிய பின்னும் எச்சரிக்கை நிலையிலேயே இருப்பதை மருத்துவம் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்கிறது. சுருக்கமாக பி.டி.எஸ்.டி. நிகழ்வு மீண்டும் மீண்டும் கண்முன் வருவது, கொடுங்கனவு, நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் தவிர்ப்பது, சிறு ஓசைக்கும் திடுக்கிடுவது ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் மூளைப் பகுதி ஓயாமல் வேலை செய்ய, அதை அடக்க வேண்டிய முன்மூளை பின்வாங்குகிறது.

சாதிய வன்கொடுமையில் இந்த வரையறையே சற்றுத் தடுமாறுகிறது. 'பிந்தைய' என்று சொல்லும் அளவுக்கு அங்கே அச்சம் பின்னால் போய்விடுவதில்லை. 2015 ஜூனில் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தீர்ப்பு வர 2022 மார்ச் ஆயிற்று. இடையில் முக்கிய சாட்சி பிறழ்ந்தார்; விசாரணையே நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், பலர் கண்முன் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே தாக்குதலில் காயமுற்ற கௌசல்யா உயிர் பிழைத்து, தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய தந்தையை விடுவித்தது. மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் பெருமழையில் சுவர் இடிந்து 17 தலித் மக்கள் உறக்கத்திலேயே மாண்டனர். அம்மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள். அங்கே மழைச்சத்தம் கேட்கும் ஒவ்வொரு இரவும் தப்பியவர்களுக்கு என்னவாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் வந்து அதே தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும்போது, பாதிக்கப்பட்டவரின் அச்சம் நோய்க்குறி மட்டுமன்று. நிலைமையைச் சரியாகக் கணிக்கும் அறிவும் ஆகும். எந்த மருந்தைப் பற்றிப் பேசினாலும் இந்த உண்மையை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கஞ்சா உடலில் என்ன செய்கிறது?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தன்மை வாய்ந்த வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று போதை தரும் டி.எச்.சி. மற்றொன்று போதை தராத சி.பி.டி. 1964-ல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரபேல் மெக்கூலமும் அவருடைய சகாவும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். 1992-ல் மெக்கூலமின் ஆய்வகம், இதே போன்று செயல்படும் பொருளொன்றை மூளை தானாகவே சுரப்பதைக் கண்டது. 'ஆனந்தம்' என்ற இந்தியச் சொல்லிலிருந்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். அச்ச நினைவுகள் மெல்லத் தணிவதில் இந்த இயல்பான அமைப்புக்குப் பங்குண்டு. மனக்காயத்துக்குக் கஞ்சா உதவக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இங்கிருந்துதான் பிறந்தது.

ஆனால் அளவு மாறினால் விளைவு தலைகீழாகிறது. சிறிய அளவில் தளர்ச்சி தரும் டி.எச்.சி., பெரிய அளவில் பதற்றத்தையும் சந்தேக மனநிலையையும் தூண்டுகிறது. மனச்சிதைவு நோய்க்கான சாய்வு உள்ளவர்களுக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, அந்த நோய் வெளிப்படும் அபாயத்தைக் கூட்டுகிறது. கனவு வரும் உறக்க நிலையை அது குறைப்பதால் தொடக்கத்தில் கொடுங்கனவு நின்றது போலத் தோன்றும். நாள்தோறும் பயன்படுத்திவிட்டுத் திடீரென நிறுத்தினால் கனவுகள் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். தெருவில் கிடைக்கும் பொட்டலத்தில் டி.எச்.சி. எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2009-லேயே மருத்துவக் கஞ்சாவுக்கான நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி.யைச் சேர்த்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அனுமதி முன்னே போக, சான்று பின்னே நின்றது. 2021-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 80 முன்னாள் படைவீரர்களுக்கு மூன்று வகைக் கஞ்சாவும் வெற்றுக் கஞ்சாவும் புகைக்கத் தரப்பட்டன. எல்லாப் பிரிவினருக்கும் அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. வெற்றுக் கஞ்சாவைக் காட்டிலும் உண்மைக் கஞ்சா மேலானது என்று காட்ட முடியவில்லை. 2023-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் இணைந்து வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதல், பி.டி.எஸ்.டி.க்குக் கஞ்சாவைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது.

சி.பி.டி. குறித்த சிறிய ஆய்வுகளில் பதற்றம் குறைந்ததற்கான அறிகுறிகள் உண்டு. எனினும் 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற தூய சி.பி.டி. மருந்து அரியவகை வலிப்பு நோய்களுக்கானது. பதற்றத்துக்கோ மனக்காயத்துக்கோ அத்தகைய ஒப்புதல் இல்லை.

இதற்கு மாறாக, மனக்காயத்தை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சைகளுக்கு வலுவான சான்றுகள் உள்ளன. பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்த நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை அவற்றுள் ஒன்று. செர்ட்ராலின், பராக்சிட்டின் போன்ற மாத்திரைகளும் பயன்படுகின்றன. இவை இந்தியாவில் கிடைக்கின்றன. நம் மக்களுக்கு எட்டுகின்றனவா என்பதே கேள்வி. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

சட்டத்தின் இரு முகங்கள்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் சட்டம், செடியின் பூக்கும் காய்க்கும் நுனிகளைக் 'கஞ்சா' என வரையறுக்கிறது. தனித்த இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. மருத்துவ, அறிவியல் தேவைகளுக்குச் சட்டமே விலக்களிக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தான பொருள்களின் நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்ற வாக்கில் முடிவு செய்தபோது இந்தியா ஆதரவாகவே வாக்களித்தது. இணையத்தில் விற்கப்படும் கஞ்சா எண்ணெய்கள் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தின் கீழ் வருகின்றன. அதே செடி, மருத்துவக் கண்காணிப்புடன் உட்கொள்ள வேண்டிய நச்சுப் பொருள்களின் அட்டவணையிலும் உள்ளது. ஆக, வங்கி அட்டையும் ஆங்கிலமும் உள்ளவருக்கு இது உடல்நலப் பொருள்.

கூலித் தொழிலாளிக்கோ சட்டத்தின் மறுமுகம்தான் தெரியும். ஒரு கிலோ வரையிலான 'சிறிய அளவு' கஞ்சாவை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்தியதற்கு மட்டும் ஆறு மாதம் வரை சிறை. இருபது கிலோவுக்கு மேல் என்றால் பத்து முதல் இருபது ஆண்டுகள். இவற்றுக்கு மேல், தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டம் 'போதைப்பொருள் குற்றவாளி' என்ற பெயரில் ஓராண்டு வரை தடுப்புக்காவலில் வைக்க இடமளிக்கிறது. காவல்துறையின் 'கஞ்சா வேட்டை' தொடங்கும்போது சோதனை முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்பதைக் கோவையின் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் வாழ்வோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது உலகெங்கும் நடப்பதே. அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்தினாலும், கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.64 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. அங்கே சட்டம் தளர்ந்தபின் கஞ்சா வணிகத்தின் இலாபம் பெரும்பாலும் வெள்ளையர் கைக்கே போயிற்று; பழைய வழக்குகளின் சுமை கறுப்பினத்தவர் தலையில் நின்றது. இங்கும் சட்டம் தளரும் நாள் வந்தால் அதே கதை நடக்காது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இன்னொரு முரணையும் கவனிக்க வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது. மனக்காயத்தை மறக்க நம் மக்கள் அதிகம் நாடுவது கஞ்சாவை அன்று, மதுவையே. மது உறக்கத்தைக் கெடுத்து, பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஆழமாக்குகிறது. ஒன்றை அரசே விற்கிறது. மற்றொன்றுக்குச் சிறையில் அடைக்கிறது. சிகிச்சையை மட்டும் இரண்டு இடத்திலும் காணோம்.

நாம் கோர வேண்டியவை

முதலாவது, வன்கொடுமை வழக்குகளில் மனநலச் சிகிச்சை உரிமையாக வேண்டும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்ந்த பிரிவு 15-ஏ, பாதிக்கப்பட்டவர், சாட்சிகள் ஆகியோருக்கு மருத்துவ உதவியையும் மறுவாழ்வையும் உறுதி செய்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 18, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி அரசுச் செலவில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அது இலவசம். இவ்விரு சட்டங்களையும் சேர்த்து வாசித்தால், முதல் தகவல் அறிக்கை பதிவான உடனேயே மனநல மதிப்பீடும், தீர்ப்பு வரும்வரை தொடர் ஆற்றுப்படுத்தலும் கேட்க நமக்கு உரிமை உண்டு. விதி 15-ன்படி மாநில அரசு வகுக்க வேண்டிய திட்டத்தில் இதைச் சேர்க்கவும், விதி 17-ன் கீழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுக்களில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் தோழர்கள் இதைப் பொருள்நிரலில் வைக்கவும் வேண்டும்.

இரண்டாவது, வலியைத் தணிக்கப் புகைத்தவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது. போதைப்பொருள்கள் சட்டத்தின் பிரிவு 64-ஏ, சிறிய அளவு அல்லது பயன்பாடு தொடர்பான வழக்கில் சிக்கியவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பிரிவு 39, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு சட்டக்கல்லூரி மாணவர் ஓர் இளைஞனின் வாழ்க்கையைக் காப்பாற்ற முடியும்.

மூன்றாவது, இந்தியாவில் கஞ்சா மருத்துவ ஆய்வு நடக்குமானால், வன்கொடுமைக்கு உள்ளானோரின் மனக்காயமும் அதில் கேள்வியாக வேண்டும். நாம் சோதனைக்கான உடல்களாக மட்டும் இருக்காமல், கேள்வியை வடிவமைக்கும் இடத்திலும் இருக்க வேண்டும்.

அதுவரை, பதற்றத்தோடு வாழும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஞ்சாவையோ இணைய எண்ணெயையோ நாட வேண்டாம். ஏற்கெனவே பயன்படுத்துபவர் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அங்கே போகும்போது தனியாகப் போக வேண்டாம். நீதிமன்றத்துக்குத் துணை செல்லும் நம் இயக்கங்கள் மருத்துவமனைக்கும் துணை செல்லத் தொடங்கட்டும்.