எண்ணூர்க் கடற்கரை ஓய்விடமும் மரபு நடையும்: கட்டடம் எஞ்சாத இடத்தின் வரலாற்றை விளக்குதல்

மரபு நடை பெரும்பாலும் ஒரு கட்டடத்தின் முன் நின்று அதன் வரலாற்றைக் கூறும் முறையாகவே வளர்ந்துள்ளது. 2004 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடைபெறும் சென்னை தின நிகழ்வுகள் இம்முறையை நகரில் பரவலாக்கின. ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் வழிகாட்டி கைகாட்டுவதற்குக் கோயிலோ மாளிகையோ கண்முன் உள்ளது. கைகாட்ட எதுவும் எஞ்சாத இடத்தில் நடையின் பொருள் யாது என்னும் வினாவை எண்ணூர் எழுப்புகிறது.

சென்னைக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் காயலும் சூழ அமைந்த ஒடுங்கிய நிலத்துண்டு எண்ணூர். பூண்டியைக் கடந்து வரும் கொசஸ்தலையாறு இங்கேதான் கடலை அடைகிறது. முகத்துவாரத்திற்கு அப்பால் காட்டுப்பள்ளித் தீவு நீள்கிறது. 1806இல் பேசில் காக்ரேன் வெட்டுவித்த கால்வாய் சென்னையை ஏறத்தாழ 11 மைல் தொலைவிலுள்ள எண்ணூருடன் இணைத்தது. பின்னாளில் வடக்கும் தெற்கும் நீட்டிக்கப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது இதுவே. சரக்குக்காக அமைந்த நீர்வழியை ஒட்டிய இவ்வூரில் ஐரோப்பியர் பங்களாக்கள் எழுப்பினர். படகோட்டம், தூண்டில் மீன்பிடிப்பு, கடற்காற்று ஆகியவற்றுக்காகச் சென்னை அலுவலர்கள் நாடிய ஓய்விடமாக எண்ணூர் விளங்கியது. இன்று அங்குச் செல்பவர் முதலில் காண்பவை புகைபோக்கிகளும் மின்கம்பிகளுமே.

நியூயார்க்கின் கோனி தீவு இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. ஓடையின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டதால் தீவுத்தன்மையையே இழந்த ஓய்விடம் அது. எனினும் 1920இல் எழுந்த ராட்சதச் சக்கரமும் 1927இல் அமைந்த சைக்ளோன் உருள்வண்டியும் நிற்பதால், அங்கு நடத்தப்பெறும் வரலாற்று நடைகளுக்குப் பற்றுக்கோடு உண்டு. எண்ணூரில் அத்தகைய பற்றுக்கோடு இல்லை. ஆகவே, அங்கு விளக்கப்பட வேண்டியது பங்களா அன்று; கரையே.

அக்கரையின் கதை சென்னைத் துறைமுகத்தில் தொடங்குகிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது மட்டும் திசை மாறுகிறது. 1870களின் இடைப்பகுதியில் துறைமுகத்தின் கற்கரங்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் இவ்வோட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. அங்கு ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாச்சாலை அமைத்து மெரினா எனப் பெயரிட்டார். வடக்கே மணல்வரத்து குறைந்தது. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. பல குப்பங்கள் நிலம் இழந்தன. ஒரே கட்டுமானம் நகரின் தென்புறத்திற்கு உலாவிடம் தந்து, வடபுறத்தின் கரையைக் குறைத்தது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பை நகரத்தார் இயற்கையின் கொடை என்றே எண்ணிப் பழகியுள்ளனர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கொட்டப்பட்ட பாறைகளும் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் அவ்விழப்பின் சான்றுகள். நடையில் வழிகாட்டி கைகாட்டத்தக்க கட்டுமானங்கள் இவையே.

ஓய்விடம் பற்றிய எழுத்துகள் படகில் சென்றவரைப் பேசுகின்றன. அக்கழியின் ஆழமும் சேறும் அறிந்த மீனவரைப் பேசுவதில்லை. முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்க்கு இந்நீர் உழைப்பிடம். வலை விரிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் எண்ணூர், பழவேற்காட்டுக் காயல்களில் நிலவுகிறது. இருளர் சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். இவ்வறிவுக்கு மாளிகையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றுப்படுகையில் படிந்ததும், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியதும், பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்ததும் இறால் தேடும் இடங்களைச் சுருக்கின. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியதால் பரவிய எண்ணெய் இக்கரையில்தான் வாளிகளால் அள்ளப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் வெளியான டி.எம். கிருஷ்ணாவின் 'சென்னை புறம்போக்கு பாடல்' காணொளி இக்கழிமுகத்தில் படமாக்கப்பட்டது. அதன்பின் எண்ணூரை அறியாத நகரத்தார் பலர் அதன் பெயரையாவது அறிந்தனர்.

இந்நிலையில் பங்களாக்களின் நினைவை மட்டும் மீட்கும் நடை, ஆட்சியாளரின் விடுமுறையை ஊரின் வரலாறாக்கிவிடும். தொழிற்சாலை மாசை மட்டும் காட்டும் நடையோ, மீனவரை வெறும் பாதிக்கப்பட்டவராக நிறுத்திவிடும். இரண்டாவது குறை முதலாவதைவிட எளிதில் நேர்வது. காண வந்தவர் இரக்கத்துடன் திரும்பினாலே நடை நிறைவுற்றதாக நடத்துவோர் கருதிவிடுகின்றனர்.

எண்ணூர் நடையை எண்ணூரில் தொடங்க வேண்டியதில்லை. மெரினாவின் மணலில் சற்று நேரம் நின்றபின், வடக்கே ஏறத்தாழ 20 கி.மீ. பயணம் செய்து முகத்துவாரத்தை அடைவது பொருத்தம். அங்கே வழிகாட்டியாக நிற்க வேண்டியவர் பாடு முறையில் வலை விரிப்பவர்; அவருக்குரிய ஊதியமும் நடைக் கட்டணத்திலேயே சேர வேண்டும். அன்றைய நடையின் நேரத்தைக் கழியில் நீர் ஏறி வற்றும் பொழுதறிந்து அவரே குறிப்பார்.