பறக்கத் தெரியாத மலை வண்டு... 3 மி.மீ. பூச்சிக்கு பெயர் வைக்க ஏன் இவ்வளவு பாடு?

'புதிய வண்டு இனம் கண்டுபிடிப்பு' என்று அடிக்கடி செய்தி வருகிறது. மலையேறிப் போய், ஒரு பூச்சியைப் பிடித்து, பெயர் வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? அவ்வளவு சுலபம் இல்லை. இமயமலை போன்ற உயரமான மலைகளில் வாழும், பறக்கவே முடியாத 'ரோவ்' வண்டுகளை எடுத்துக்கொண்டால் இதன் பின்னணி நன்றாகப் புரியும்.

ரோவ் வண்டு என்றால் என்ன?

2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுமார் 100 மாணவர்களுக்கு தோலில் எரிச்சலும் கொப்புளமும் ஏற்பட்டது நினைவிருக்கலாம். அப்போது அடிபட்ட பெயர் 'நைரோபி ஈ'. உண்மையில் அது ஈயே இல்லை, ரோவ் வண்டு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்டு. அதை நசுக்கினால் வெளிவரும் நச்சுத் திரவம்தான் தோலைப் புண்ணாக்குகிறது.

அதற்காக எல்லா ரோவ் வண்டுகளையும் பார்த்து பயப்பட வேண்டாம். இந்தக் குடும்பத்தில் 60,000-க்கும் அதிகமான இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை இலைச்சருகுக்கும் கல்லுக்கும் அடியில் சின்னப் புழு பூச்சிகளைப் பிடித்துத் தின்று, தன் பாட்டுக்கு வாழ்பவை.

சாதாரண வண்டுக்கு முதுகை முழுசாக மூடும் கெட்டியான மேல் இறக்கை இருக்கும். ரோவ் வண்டுக்கு அது பாதியிலேயே நின்றுவிடும். அரைக்கை சட்டை போட்டது போல வயிற்றுப் பகுதி வெளியே நீண்டு தெரியும். அந்தக் குட்டை மூடிக்குள்தான் பறக்கும் இறக்கை மடித்து வைக்கப்பட்டிருக்கும். பறக்க முடியாத மலை இனங்களில் அந்த உள் இறக்கை வெறும் துண்டாகச் சுருங்கியிருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும்.

ஏன் பறப்பதை விட்டன?

இந்தக் கேள்வி டார்வின் காலத்திலிருந்தே இருக்கிறது. அட்லாண்டிக் கடலில் உள்ள மடெய்ரா தீவின் 550 வண்டு இனங்களில் 200 இனங்களால் பறக்க முடியாது என்று 1859-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் குறிப்பிட்டார். பறப்பவை காற்றில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டிருக்கும், பறக்காதவை தப்பியிருக்கும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

மலை உச்சியிலும் காற்று பலமாக வீசும். குளிர் வேறு. இறக்கையையும் அதற்கான தசையையும் வளர்க்க நிறைய சக்தி செலவாகும். உணவும் ஈரமும் காலடியிலேயே கிடைக்கும்போது பறக்க வேண்டிய தேவை குறைவு. மிச்சமாகும் சக்தி முட்டையிடுவதற்குப் போகும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பறக்க முடியாத வண்டு, சூடான பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக முடியாது. பல்லாயிரம் ஆண்டுகள் தனித்தனியாக வாழும்போது ஒவ்வொரு மலையிலும் ஒரு தனி இனம் உருவாகிறது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் 'லெப்டூசா' என்ற ரோவ் வண்டுப் பேரினத்தில் இப்படி நடந்திருக்கிறது. ஒரே ஒரு மலைத்தொகுதியில் மட்டும் வாழும் இனங்கள் அதில் பல உண்டு.

புதிய இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலில் சருகையும் பாசியையும் அள்ளி சல்லடையில் சலிக்கிறார்கள். சலித்ததை ஒரு புனலில் போட்டு மேலே விளக்கு எரிய விட்டால், சூட்டுக்கும் வறட்சிக்கும் பயந்து பூச்சிகள் கீழே உள்ள ஆல்கஹால் பாட்டிலில் விழும்.

கஷ்டமே அதற்குப் பிறகுதான். பக்கத்துப் பக்கத்து மலை வண்டுகள் வெளியே பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். அதனால் நுண்ணோக்கியின் கீழ் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து எடுத்து அதன் வடிவத்தை ஒப்பிடுகிறார்கள். பல நேரங்களில் அதுதான் முக்கிய அடையாளம். பெண் வண்டு மட்டும் கிடைத்தால் என்ன இனம் என்று சொல்ல முடியாமலே போகலாம். இப்போது மரபணு சோதனையும் கைகொடுக்கிறது.

பிறகு, ஏற்கெனவே பெயர் வைத்த இனங்களின் மூல மாதிரிகளை அருங்காட்சியகங்களிலிருந்து வரவழைத்தோ, நேரில் போய்ப் பார்த்தோ சரிபார்க்க வேண்டும். எதோடும் பொருந்தவில்லை என்றால்தான் அது புதிய இனம். ஒரே ஒரு வண்டை 'மூல மாதிரி' என்று அறிவித்து, விரிவான வர்ணனையோடும் லத்தீன் எழுத்தில் அமைந்த இரட்டைப் பெயரோடும் கட்டுரை வெளியிட வேண்டும். இந்தியாவில் கிடைத்த புதிய இனம் என்றால், 2002 உயிரியல் பன்முகத்தன்மை சட்டப்படி அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம்.

தாமதமானால் என்ன ஆகும்?

இதற்கு டார்வின் பிடித்த வண்டே உதாரணம். 1832-ல் அர்ஜென்டினாவில் அவர் சேகரித்த ஒரு ரோவ் வண்டு, லண்டன் அருங்காட்சியகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. 182 ஆண்டுகள் கழித்து, 2014-ல்தான் அதற்கு 'டார்வினிலஸ் செடாரிசி' என்று பெயர் கிடைத்தது. அதற்குள் அது வாழ்ந்த பகுதியில் பெருமளவு நிலம் விவசாயத்துக்கு மாறியிருந்தது. அந்த இனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகமும் எழுந்தது.

மலை வண்டுகளுக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. பூமி சூடாகும்போது குளிரைத் தேடி அவை மேலே நகர வேண்டும். உச்சிக்கு வந்த பிறகு ஏற இடமில்லை. பறந்து தப்பவும் வழியில்லை. பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு இனம் அழிந்தால், அது இருந்தது என்பதுகூட யாருக்கும் தெரியாது.

அதனால்தான் ஒவ்வொரு வண்டின் ஊசியிலும் பிடித்த இடம், உயரம், தேதி எழுதிய ஒரு குட்டிச் சீட்டைக் குத்தி வைக்கிறார்கள். 50 ஆண்டுகள் கழித்து ஒருவர் அதே மலையில் அதே உயரத்துக்குப் போய், அந்த வண்டு இன்னும் அங்கே இருக்கிறதா, மேலே நகர்ந்துவிட்டதா என்று பார்க்க அந்தச் சீட்டு தேவைப்படும்.