உஷார்! போன் திரையில் ஜொலிக்கும் ராசிக்கல்

அல்வால், லோத்துகுண்டா, பொல்லாரம் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சனி சரியில்லை, நீலக்கல் போடுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிடுகிறார். முன்பென்றால் செகந்திராபாத் பாட் மார்க்கெட்டுக்கோ, சார்மினாருக்குப் பக்கத்தில் பத்தர்கட்டிக்கோ நாலு பேராகப் போவோம். இரண்டு கடை ஏறி இறங்கி, கல்லைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, பேரம் பேசி, பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுவோம். இப்போது ராத்திரி பத்து மணிக்கு இன்ஸ்டாகிராமில் லைவ் ஓடுகிறது. "சிலோன் நீலம், ஹீட் பண்ணாதது, ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க" என்கிறார் ஒருவர். இங்கே கூகுள் பேயில் பணம் போய்விடுகிறது. அவர் யார், கடை எங்கே, கல் எது என்று எதுவும் தெரியாது!

எத்தனை பெரிய அளவில் இப்படி ஏமாற முடியும் என்பதற்கு ஜெய்ப்பூரே சாட்சி. இந்தியாவின் ரத்தின வியாபாரத் தலைநகரம் அது. அங்கே ஜோஹ்ரி பஜார் வியாபாரி ஒருவரோடு 2022-ல் இன்ஸ்டாகிராம் வழியாகத் தொடர்பு ஏற்பட்டு, அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இரண்டு வருடங்களாக நகை வாங்கினார். கொடுத்த தொகை சுமார் 6 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் வைத்தபோதுதான் போலி என்று தெரிந்தது. தங்க முலாம் பூசிய வெள்ளி, அதன் மதிப்பு 300 ரூபாய் என்பது புகார். அவர் ஜெய்ப்பூருக்கே வந்து போலீசில் புகார் கொடுத்தார். அந்த ஜூன் மாதம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இதில் நாம் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நகையோடும் அவருக்குச் சான்றிதழ் வந்திருந்தது. அதைத் தயாரித்துக் கொடுத்ததாக ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. வெறும் கையோடு யாரும் ஏமாற்றவில்லை, சர்டிபிகேட்டோடுதான் ஏமாற்றினார்கள்.

"நமக்குக் கல் பார்க்கத் தெரியும்" என்ற தைரியம் வேண்டவே வேண்டாம். நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும், கண்ணாடியில் கோடு போட்டால் அசல் என்றெல்லாம் வீட்டில் ஆள் ஆளுக்குச் சொல்வார்கள். இந்தச் சோதனைகளால் ஒரு பயனும் இல்லை. மாணிக்கமும் நீலமும் ஒரே பொருள்தான். இரண்டும் அலுமினியம் ஆக்சைடு, கடினத்தன்மை 9. அதே அலுமினியம் ஆக்சைடை உலையில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெர்னேய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1902-லேயே வெளியிட்டுவிட்டார். அந்தச் செயற்கைக் கல்லும் கண்ணாடியைக் கீறும். எடை, மினுமினுப்பு, குளிர்ச்சி எல்லாம் அசல் போலவே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் உள்ளே வளைவு வளைவாக ஓடும் கோடுகளும் சின்னக் காற்றுக் குமிழிகளும் தெரியும். போன் கேமராவில் அது எப்படித் தெரியும்?

செயற்கைக் கல் என்பதே திருட்டு என்று சொல்லவில்லை. திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கல்லை அதன் பெயரிலேயே விற்றார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. பர்மா மாணிக்கம் என்று பெயர் மாற்றி விற்கும்போதுதான் அது மோசடி.

அதைவிட ஆபத்தானது கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். கல் இயற்கையானதுதான். ஆனால் வெடிப்பு விழுந்து எதற்கும் ஆகாமல் கிடந்த கல். அந்த வெடிப்புகளுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றிச் செக்கச்செவேல் என்று ஆக்கிவிடுகிறார்கள். 2004 முதல் இது உலகச் சந்தையில் புழங்குகிறது. "இயற்கைக் கல்" என்று விற்பவர் சத்தியம் செய்தால்கூட அது பொய்யாகாது, அதுதான் கொடுமை! இதை ஆசாரி மோதிரத்தில் பதிக்க நெருப்பு காட்டினால் கெடும், அமிலத்தில் சுத்தம் செய்தால் கெடும், சமையலறையில் எலுமிச்சம்பழச் சாறு பட்டால்கூட அரிக்கும். ஆயிரங்களைக் கொட்டி வாங்கிய கல் சில மாதங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு காட்டும்.

நீலக்கல்லில் கதை வேறு. இலங்கையில் கெவுட என்று ஒரு கல் கிடைக்கிறது, பார்க்கப் பால் கலங்கினாற்போல இருக்கும். கடும் சூட்டில் வைத்தால் நல்ல நீலமாக மாறும். சூடு காட்டுவது ரத்தின வியாபாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம். ஆனால் ஹீட் பண்ணிய கல்லுக்கும் பண்ணாத கல்லுக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும். சொல்லாமல் விற்றால் அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் பையிலிருந்து போகிறது.

அதனால் நான் விற்பவரின் பேச்சைக் கேட்க மாட்டேன், அவர் எதை எழுதித் தருகிறார் என்றுதான் பார்ப்பேன். "இயற்கை நீலம், சூடு காட்டியது" அல்லது "காட்டாதது", எடை இத்தனை கேரட், விலை இத்தனை, பரிசோதனையில் மாறுபட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும். இத்தனையும் பில்லில் வேண்டும், கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்ணோடு. நேர்மையான வியாபாரி இதற்குத் தயங்க மாட்டார். நாம் கேட்பதற்கு முன்பே, "அம்மா, இதில் உள்ளே ஒரு மேகம் இருக்கு, இது ஹீட் பண்ணின கல்லு" என்று குறையைச் சொல்லிவிடுவார். "எங்களை நம்ப மாட்டீங்களா, பூஜையில் வச்ச கல்லு, ரிட்டர்ன் கிடையாது" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பூஜை செய்து உரு ஏற்றியதாகச் சொல்லித் திருப்பி வாங்க மறுப்பது பக்தியை வைத்து நடக்கும் அநியாயம்.

சர்டிபிகேட்டை எப்படிச் சரிபார்ப்பது? அதில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். போலி லேபுக்குப் போலி இணையதளமும் இருக்கும், ஸ்கேன் செய்தால் அங்கேதான் போய் நிற்கும். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற லேபின் முகவரியை நீங்களே டைப் செய்து ரிப்போர்ட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதோடு முடிந்துவிடவில்லை. உண்மையான ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வேறு கல்லை அனுப்புவதும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் உள்ள எடையும் மில்லிமீட்டர் அளவுகளும் கையில் இருக்கும் கல்லோடு புள்ளிக்குப் பின்னால் வரை ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் வந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த லேபில் கொடுத்துப் பாருங்கள். இந்திய ரத்தின வியாபாரிகளே 1972-ல் தொடங்கிய பரிசோதனைக் கூடம் அதே ஜெய்ப்பூரில்தான் இருக்கிறது. வியாபாரத்திலேயே ஊறியவர்கள்கூட லேபுக்குக் கொடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

எடையிலும் கவனம். ஜோசியர் "அஞ்சே கால் ரத்தி" என்பார். ராசிக்கல் கடைகளில் ஒரு ரத்தி சுமார் 182 மில்லிகிராம், பொற்கொல்லர் கணக்கில் சுமார் 121 தான். ரத்திக்கு இத்தனை என்று விலை பேசிவிட்டுச் சின்ன ரத்தியில் நிறுத்துக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு! கேரட்டில் மட்டும் பேசுங்கள். ஒரு கேரட் 200 மில்லிகிராம், எந்த ஊரிலும் மாறாது. மோதிரமாகவே வாங்கினால், அதிலுள்ள ஆறு எழுத்து ஹெச்யூஐடி ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். கல்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தங்க எடை தனி, கல் எடை தனி என்று பில் போடச் சொல்லுங்கள்.

பார்சல் வந்தால் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்க ஆரம்பித்து, கல்லை வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் ஜன்னல் வெளிச்சத்தில் வைக்கும் வரை நிறுத்தாமல் எடுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள், "உங்க மேல கேஸ் போடுவேன்" என்று விற்றவருக்கே போன் செய்து நேரத்தையும் வீணாக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நுகர்வோர் உதவிக்கு 1915. விற்றவர் ஜெய்ப்பூரில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கல்லுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. பில், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அந்த வீடியோ, லேப் ரிப்போர்ட் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். லைவ் வீடியோவை அவர்கள் மறுநாளே நீக்கிவிடுவார்கள், ஆகவே அது ஓடும்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.