காட்சியும் கற்சுவரும்



ஜெர்மனி நாட்டின் வெஸ்ட்பாலியாப் பகுதியில் டியூல்மன் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரிலே ஆன் கத்தரீன் எம்மெரிக் என்ற துறவி நோய்ப்படுக்கையிற் கிடந்தார். 1774ஆம் ஆண்டில் ஏழைக் குடியானவர் வீட்டிற் பிறந்த அவர், தம் நாட்டை விட்டு வெளியே சென்றறியாதவர். ஆயினும் யேசுநாதரின் பாடுகளும் மரியன்னையின் வாழ்வும் கண்முன் நிகழ்வன போல அவருக்குத் தோன்றின என்பர். மரியன்னை தம் இறுதி நாள்களைத் துருக்கியிலுள்ள எபேசு நகருக்கு அண்மையில், மலைமீது அமைந்த கல்வீடொன்றிற் கழித்தார் என்பதும் அக்காட்சிகளில் ஒன்று.

பின்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்த மலைப்பக்கத்திலே பாழடைந்த கல்வீடு ஒன்று அடையாளங் காணப்பட்டது. “காட்சி மெய்யாயிற்று, புதைபொருளாராய்ச்சியே அதற்குச் சான்று” என்று கூறுவோர் இன்றும் உளர். இக்கூற்றை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதையே இன்று ஆராய எண்ணுகிறேன். எவருடைய பத்தியையும் பழிப்பது என் நோக்கமன்று. சான்று என்று ஒன்றைச் சொன்னால், சான்றுக்குரிய சோதனைகளை அது தாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவது சோதனை, காட்சியைச் சொன்னவர் யார், எழுதியவர் யார் என்பது. எம்மெரிக் அம்மையார் தம் கையால் இந்நூல்களை எழுதவில்லை. கிளமென்ஸ் பிரெந்தானோ என்னும் புகழ்பெற்ற கவிஞர் 1818ஆம் ஆண்டில் அவரைக் காணவந்து, 1824இல் அவர் இறக்கும்வரை அவர் கூறியவற்றைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அம்மையார் பேசியது நாட்டுப்புற வழக்கு; கவிஞர் எழுதியது இலக்கிய நடை. மரியன்னையின் வாழ்வு பற்றிய நூல் 1852இலேதான் வெளிவந்தது. அப்போது அம்மையார் இறந்து 28 ஆண்டுகளும், பிரெந்தானோ இறந்து 10 ஆண்டுகளும் கடந்திருந்தன. குறிப்புகளையும் நூல்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள், பயண நூல்களிலிருந்தும் பழங்கதைகளிலிருந்தும் பெற்ற செய்திகளைக் கவிஞர் இடையிடையே கலந்திருக்கிறார் என்று கண்டனர். ஆகவே நம்மிடமுள்ள நூலில் துறவியின் சொல் எது, கவிஞரின் கற்பனை எது என்று பிரித்தறிவது அரிது.

இரண்டாவது சோதனை, அச்செய்தி வேறு வழியால் அறியமுடியாததா என்பது. எபேசு நகரோடு மரியன்னையின் பெயர் மிகப் பழங்காலந் தொட்டே தொடர்புபட்டிருந்தது. 431ஆம் ஆண்டில் திருச்சபையின் பொதுச்சங்கம் அந்நகரிலேதான் கூடியது. அன்னையைத் தம் பொறுப்பில் ஏற்ற அருளப்பர் எபேசுவில் வாழ்ந்தார் என்பதும் பழைய மரபு. அன்னை அங்கு வாழ்ந்தாரா, யெருசலேமில் மறைந்தாரா என்ற வாதம் எம்மெரிக் பிறப்பதற்கு முன்பே கற்றோரிடையே நிகழ்ந்தது. யெருசலேமிலே கெதரோன் பள்ளத்தாக்கில் அன்னையின் கல்லறை என்று வணங்கப்படும் இடம் இன்றும் இருக்கிறது.

மூன்றாவது சோதனை, தேடிய முறை. 1881இல் கூயே என்னும் பிரெஞ்சுக் குருவானவர் நூலைக் கையிற்கொண்டு மலையேறி ஒரு பாழ்வீட்டைக் கண்டார். அவர் சொல்லைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1891இல் ஸ்மிர்னா நகரத்து லாசரிஸ்ட் சபைக் குருமார் அதே நூலின் துணையோடு அதே இடத்தை அடைந்தனர். அவ்விடம் யாரும் அறியாத இடமன்று. அண்மையிலிருந்த மலையூர்க் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அதனை ஏற்கெனவே புனிதமாகப் போற்றி, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15ஆந் தேதி அங்கே வழிபட்டு வந்தனர். பழைய நகரொன்றைச் சூழ்ந்த மலைகளிலே பாழ்ங்கட்டடங்கள் பல இருக்கும். விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு தேடுபவர், பொருந்துவதைப் பெரிதாகவும் பொருந்தாததைச் சிறிதாகவும் காண்பது மனித இயல்பு. அன்னையின் கல்லறையும் அவ்வீட்டின் அருகிலேயே உண்டு என்று நூல் கூறுகிறது. தேடியவர்கள் தேடினார்கள், ஐயமற நிறுவப்பட்ட கல்லறை எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. வீடு கிடைத்ததைச் சொல்வோர் இதனையும் சேர்த்துச் சொல்லவேண்டுமல்லவா?

நான்காவது சோதனை, சுவரே என்ன சொல்கிறது என்பது. கட்டடத்தின் பழைய பகுதிகளிற் பெரும்பாலானவை பைசாந்தியப் பேரரசின் காலத்தவை, அதாவது அன்னையின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை என்பதே பொதுவான கணிப்பு. அடித்தளம் முதலாம் நூற்றாண்டுக்குரியது என்பாரும் உளர். அதனை ஒப்புக்கொண்டாலும், வீட்டின் வயது தெரியுமே யன்றி, அதில் வாழ்ந்தவர் பெயர் தெரியாது.

கத்தோலிக்கத் திருச்சபையே இவ்விடயத்தில் மிகுந்த நிதானம் காட்டியிருக்கிறது. பாப்பரசர்கள் ஆறாம் பவுல் 1967இலும், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1979இலும், பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2006இலும் அங்கே சென்று வழிபட்டனர். ஆயினும் அது அன்னையின் வீடேதான் என்று திருச்சபை தீர்ப்புக் கூறியதில்லை. எம்மெரிக் அம்மையாருக்கு 2004இல் முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளிக்கப்பட்டபோதும், அவரது வாழ்வின் தூய்மையே கருதப்பட்டது. பிரெந்தானோவின் நூல்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே பெயராயமைந்த மரியத்தைப் போற்றி முஸ்லிம் மக்களும் அவ்வீட்டுக்குச் செல்கின்றனர். வழிபடுவோருக்குச் சுவரின் வயது ஒரு தடையாக இருக்கவில்லை.

இத்தகைய மயக்கம் நம் தமிழ்நிலத்திலும் நேர்ந்ததுண்டு. சென்னையை அடுத்த பறங்கிமலையில் 1547ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் நிலத்தைத் தோண்டியபோது எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அம்மலையிலே தோமையார் உயிர்நீத்தார் என்பது மரபு. எழுத்தைப் படிப்பதற்கு அழைக்கப்பட்ட ஒருவர், அதிலே தோமையாரின் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துக் காட்டினார். கேட்டவர் மகிழ்ந்தனர். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1873இல், பர்னெல் என்னும் அறிஞர் அவ்வெழுத்துப் பழம் பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று காட்டினார். அதிலிருப்பது சுருக்கமான ஒரு வேண்டுதல். தோமையாரின் வரலாறு அன்று. ஆனால் உண்மை வெளிப்பட்டதனால் இழப்பேதும் நேரவில்லை. பாரசீகக் கிறிஸ்தவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோழமண்டலக் கரையில் வழிபட்டனர் என்னும் அரிய செய்தி நமக்குக் கிடைத்தது. விரும்பியதைச் சொல்லவைத்தபோது அந்தக் கல் அதனை மறைத்தே வைத்திருந்தது.

நேயர்களே, இவ்வளவும் தூரத்துச் செய்தி என்று எண்ணிவிடலாகாது. நான் வாழும் புல்மோட்டைக்குத் தெற்கே திரியாய்க் குன்றிலே பல்லவர்காலக் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. கடலோடி வணிகர் அங்கே புத்த சேதியம் எடுத்தனர் என்று அது கூறுகிறது. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டில் அங்கே வழிபாடு இருந்தது என்பதற்கும், அக்காலத்தவர் அவ்வாறு நம்பினர் என்பதற்கும் அது உறுதியான சான்று. புத்தரின் காலத்திலேயே அது எழுந்தது என்பதற்கு அது சான்றாகாது. அவ்வாறே 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டுகையிற் கிடைத்த வெண்கலத் திருவுருவங்கள் இத்தலத்துச் சிவவழிபாட்டின் பழமைக்குச் சான்று; இராவணன் தன் வாளால் மலையை வெட்டினான் என்பதற்குச் சான்றாகா. நம் மாவட்டத்தில் ஒரு கல் வெளிப்பட்டால், அதன் வயதை அறிவதற்கு முன்பே அது எவருடைய கல் என்ற வழக்கு எழுந்துவிடுகிறது. அந்நேரத்தில் நம் பிள்ளைகள் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும்: சொன்னவர் யார்? வேறு வழியால் அறிந்திருக்கக் கூடுமா? எவ்வாறு தேடினர்? கல் தானாகச் சொல்வது எவ்வளவு?

பிறர் கல்லைக் குறித்து இக்கேள்விகளைக் கேட்பது எளிது. நம் கல்லைக் குறித்தும் கேட்கத் துணிவதே கற்றவர்க்கு அழகு.