குர்பானி ஆடும் அதன் உணவும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாட்களில் நம் இல்லங்களின் முற்றங்களில் ஆடுகள் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் பெயரிட்டு மகிழ்கின்றனர். பெரியோரோ, வாயில்லா ஜீவன் வயிறார உண்ணட்டும் என்று சோற்றையும் அரிசியையும் அள்ளி வைக்கின்றனர். பெருநாளுக்கு முன்னரே சில ஆடுகள் வயிறு உப்பி மாண்டுபோவதற்கு இந்த அன்பே காரணமாகிவிடுகிறது.

ஆட்டின் வயிறு மனித வயிறு போன்றதன்று. அது நான்கு அறைகளைக் கொண்டது. பெரியதாகிய முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தழையிலுள்ள நாரைச் செரிக்கும் ஆற்றல் ஆட்டுக்குத் தானாக இல்லை. அப்பணியை இவையே செய்கின்றன. ஆடு முதலில் அவசரமாக மேய்ந்துகொள்ளும். பின்னர் அமைதியாகப் படுத்து, விழுங்கியதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொணர்ந்து கடைவாய்ப் பற்களால் அரைக்கும். அப்போது ஊறும் உமிழ்நீர் வயிற்றின் புளிப்பை அடக்குகிறது.

பழக்கமில்லாத ஆட்டுக்குத் திடீரெனச் சோறோ தானியமோ மிகுதியாகக் கிடைத்தால், அது விரைந்து புளித்து அமிலம் பெருகும். அந்த நுண்ணுயிர்கள் மடியும். ஆடு அசைபோடுவதை நிறுத்திவிடும். பல்லை நறநறவெனக் கடிக்கும். இடப்பக்க வயிறு புடைக்கும். அந்நிலையில் கைவைத்தியம் பார்த்துக் காலங்கடத்தாமல் கால்நடை மருத்துவரை நாடவேண்டும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தவர்கள். செழிப்பான நிலத்தில் பயணம் செய்வோர், ஒட்டகங்களுக்கு அந்நிலத்தில் மேயும் பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் பணித்தார்கள். பிராணிக்கு உரியது எது என்று அறிந்து கொடுப்பதன்றோ அது!

செம்மறி குனிந்து புல் மேயும். வெள்ளாடோ தலைநிமிர்ந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்று கொழுந்தைப் பறிக்கும். மிதிபட்ட தழையை முகர்ந்துவிட்டு விலகும். இதனைச் செருக்கென்பாருண்டு. தூய்மை என்பதே என் கருத்து. ஆகவே அகத்தியையோ வேப்பந்தழையையோ கொத்தாகக் கட்டி, எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். அருகில் தூய நீர் இருக்கட்டும்.

மந்தையில் வளர்ந்த ஆடு தனித்து நின்றால் ஓயாமல் கத்தும், உணவையும் மறுக்கும். அதைப் பசியென்று கருதித்தான் பலர் சோற்றுத் தட்டை நீட்டுகின்றனர். அது தேடுவது துணையை. அண்டை வீட்டாரின் ஆட்டையும் அதனருகே கட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆடு வாங்கும்போது விலையை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். இதுவரை என்ன தின்று வளர்ந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். முதற் சில நாட்களுக்கு அதே தழையைக் கொடுங்கள்.