பூச்சுக்குள் மறைந்த நாணயம்

வீடு வாங்குவோர் சுவரின் வண்ணத்தைக் காண்கின்றனர். அடித்தளத்தின் ஆழத்தையும், கம்பியின் பருமனையும், கலவையில் சேர்ந்த சிமெண்டின் அளவையும் அவர்கள் காண்பதற்கில்லை. அங்கேதான் கட்டுநரின் நாணயம் குடியிருக்கிறது.

2014-ஆம் ஆண்டு ஜூன் 28-இல், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அதனைக் கட்டிய தொழிலாளரே. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் அறிவிக்கப்படும் கட்டுமானக் குறையை, 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சீர்செய்யுமாறு பணிக்கிறது. நல்லதே. ஆயினும், குறை கண்ணுக்குப் புலப்பட்ட பின்னரன்றோ அவ்விதி துணைக்கு வரும்?

ஆதலின், கான்கிரீட் இடுமுன், கட்டிய கம்பியை வாங்குவோருக்கும் அவர்தம் பொறியாளருக்கும் கட்டுநரே அழைத்துக் காட்டவேண்டும். மூடுமுன் காட்டுதலே இத்தொழிலின் முதல் அறம் என்பேன்.